"சிவகிரியில எந்தப் பக்கம்?"

நேர்காணலுக்குப் போய்விட்டு வந்த நம் பிள்ளைகளிடம் "என்ன கேட்டாங்க?" என்று விசாரித்துப் பாருங்கள். பாடத்திலிருந்து கேட்டதை வேகமாகச் சொல்லிவிடுவார்கள். மீதியைச் சொல்லும்போது குரல் இறங்கும். "சொந்த ஊர் எது?" "சிவகிரி." "சிவகிரியில எந்தப் பக்கம்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு அந்த அறையில் என்ன மாறியது என்று அவர்களால் எடுத்துச் சொல்ல முடிவதில்லை. யாரும் திட்டவில்லை. சாதிப் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். "தகவல் சொல்றோம்" என்றார்கள். தகவல்தான் வரவில்லை.

தென்காசி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கிற சிவகிரியிலும் சுற்று ஊர்களிலும் நாங்கள் சில வருடங்களாகப் படித்து முடித்த இளைஞர்களோடு வேலை செய்கிறோம். சான்றிதழ் வாங்க, விண்ணப்பம் எழுத, போட்டித் தேர்வுக்குப் படிக்க என்று வருகிறவர்கள். பெரும்பாலும் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். முதல் நேர்காணலில் எடுக்கவில்லை என்றால் சிரித்துக்கொண்டு வருவார்கள். ஏழாவது, எட்டாவது முறை திரும்பி வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். அப்போது கேட்பது ஒரே கேள்வி: "எங்கிட்ட என்னக்கா கொறை?"

இதற்கு ஊரில் இரண்டு தயார் பதில்கள் உண்டு. "ஒனக்கு கம்யூனிகேஷன் பத்தாது, ஒரு கோர்ஸ் போ" என்பது ஒன்று. இன்னொன்று நம் ஆட்களே சொல்வது: "எல்லாம் சாதிதான். நீ தலைகீழா நின்னாலும் எடுக்க மாட்டான்." முதல் பதில் பிள்ளையைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது பிள்ளையை வீட்டோடு உட்கார வைத்துவிடுகிறது. இரண்டிலும் ஒரு விஷயம் தப்பித்துப் போகிறது. அந்த அறை. அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், எதை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள் என்பதை நாம் விசாரிப்பதே இல்லை. விசாரிக்க வேண்டியது அதைத்தான் என்பது எங்கள் கருத்து.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் செய்த ஆய்வை நம் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஆங்கில நாளிதழ்களில் தனியார் நிறுவனங்கள் கொடுத்த வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்கள் விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள். 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். படிப்பும் தகுதியும் ஒன்றே. பெயர் மட்டும் வேறு. சில பெயர்கள் உயர்சாதி என்று தெரியும், சில தலித் என்று, சில முஸ்லிம் என்று. நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு ஒன்று என்றால், அதே தகுதியுள்ள தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. 2007 அக்டோபரில் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் வெளியானது. இது வேலை கிடைப்பதைப் பற்றிய கணக்குகூட இல்லை. வாசல் வரை கூப்பிடுவதற்கான கணக்கு.

அமெரிக்காவிலும் இதே மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள். மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையர் பெயர் போட்ட விண்ணப்பங்களுக்குக் கறுப்பர் பெயர் போட்டவற்றைவிட ஒன்றரை மடங்கு அழைப்பு வந்தது. இரண்டாவது ஆய்வாளர் நம் தமிழர் என்பதை இடையில் சொல்லி வைக்கிறோம். ஊர்ப்பெருமைக்கு எப்போதாவது நல்ல காரணம் கிடைக்கிறது.

தோரட்டின் ஆய்வைத் தமிழ்நாட்டில் அப்படியே நடத்த முடியாது. இங்கே பெயருக்குப் பின்னால் சாதி கிடையாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தொடங்கிச் சாதிப்பட்டத்தை உதறிய மாநிலம் இது. ஒரு விண்ணப்பத்தில் மாரியப்பன், த/பெ. கருப்பசாமி என்று இருந்தால் திருநெல்வேலிச் சீமையில் அவர் எந்தச் சாதியாகவும் இருக்கலாம். இது நம் முன்னோர்கள் வாங்கித் தந்த பெரிய வெற்றி. குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் காகிதத்தில் தெரியாததை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கமும் கூடவே வளர்ந்துவிட்டது. அதனால் வடக்கே விண்ணப்பத்திலேயே நடக்கிற வடிகட்டல் இங்கே நேர்காணலுக்கு நகர்ந்து வந்திருக்கிறது.

"எந்தப் பக்கம்?" என்பது அந்த வடிகட்டி. தென்மாவட்டத்தில் ஊர் என்றால் தெரு. பஸ் நிறுத்தத்திலிருந்து எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்று சொன்னாலே பாதிக் கதை தெரிந்துவிடும். அது போதவில்லை என்றால் "அப்பா என்ன பண்றார்?" வயல் இருக்கிறதா, வயலில் வேலையா? அப்புறம் "எந்த ஸ்கூல்?" நம் பிள்ளைகள் பலரின் மாற்றுச் சான்றிதழிலேயே ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று அச்சாகியிருக்கும். பள்ளிப் பெயர்களிலிருந்து இத்தகைய அடையாளங்களை எடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரை செய்தது. விடுதிகள் இனி 'சமூகநீதி விடுதி' என்று அழைக்கப்படும் என்று 2025 ஜூலையில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லதுதான். ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிற சான்றிதழ்களை என்ன செய்வது?

சிலர் சொல்வார்கள், ஊர் கேட்பது சாதாரண விசாரிப்பு, நம் பண்பாடு, இதில் போய் சாதியைப் பார்ப்பதா என்று. கேட்கிறவர்களில் பலருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது என்று நாங்களும் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் கேட்கிறவர் எங்கிருந்து வந்தார்? கையில் என்ன நிறக் கயிறு கட்டியிருக்கிறான் என்று பார்த்துப் பக்கத்தில் உட்காருவதா என்று முடிவு செய்கிற பள்ளிகள் இருந்த மாவட்டங்களிலிருந்து வந்தார். அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை விட்டபோது எதிர்ப்பு கிளம்பியது நினைவிருக்கும். எங்களுக்குப் பக்கத்தில் சங்கரன்கோவில் வட்டம் பாஞ்சாங்குளத்தில் 2022 செப்டம்பரில் மிட்டாய் வாங்கப் போன பள்ளிப் பிள்ளைகளிடம் "ஊர்க் கட்டுப்பாடு, ஒங்களுக்குத் தர மாட்டோம்" என்று கடைக்காரர் சொன்ன காணொளியை நாடே பார்த்தது. அந்தக் கடைக்கு வந்துபோன மற்ற பிள்ளைகளும் படிப்பார்கள், எம்.பி.ஏ. முடிப்பார்கள், ஒரு நாள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவார்கள். உட்காரும்போது எல்லாவற்றையும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வருவார்கள் என்று நம்ப எங்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

நிறுவனங்கள் இதைச் சாதி என்று சொல்வதில்லை. 'குடும்பப் பின்னணி' என்று சொல்கின்றன. சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசி எழுதிய கட்டுரை, தோரட் ஆய்வு வந்த அதே இதழில் இருக்கிறது. மேலாளர்கள் எல்லாரும் சாதி பார்ப்பதில்லை, தகுதி மட்டும்தான் என்றார்கள். அதே மூச்சில், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன வேலை, அண்ணன் தம்பி என்ன படித்தார்கள், எங்கே வளர்ந்தாய். இதிலிருந்து பண்பு, உழைப்பு, ஒழுக்கம் எல்லாவற்றையும் கணித்துவிடலாமாம். ஒரு மனிதரை அவர் பிறந்த வீட்டை வைத்து அளப்பதற்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. புதிதாக எதற்கு இன்னொன்று?

அதே இதழில் அஷ்வினி தேஷ்பாண்டேவும் நியூமனும் எழுதிய கட்டுரை, டெல்லிப் பல்கலைக்கழகங்களில் ஒரே மாதிரிப் படித்து வெளியே வந்த தலித் மாணவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிடுகிறது. தலித் மாணவர்களிடம் இடஒதுக்கீடு பற்றி என்ன நினைக்கிறாய் என்று நேர்காணலில் கேட்டிருக்கிறார்கள். வேலைக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம்? ஆதரித்துப் பேசினால் தகராறு பிடித்தவன். எதிர்த்துப் பேசினால் பொய்யன். மௌனமாக இருந்தால் கம்யூனிகேஷன் போதாது.

இவ்வளவு சொல்லிவிட்டதால் எல்லா நிராகரிப்பும் சாதியால் என்று நாங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் வேலையே இல்லை. 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தபோது பொறியியல் முடித்தவர்களும் பட்டதாரிகளும் உள்பட சுமார் 7,000 பேர் விண்ணப்பித்தார்கள். எந்தச் சாதிப் பிள்ளையாக இருந்தாலும் பத்துப் பேருக்கு ஒரு இடம் என்றால் ஒன்பது பேர் திரும்பித்தான் வர வேண்டும். எங்கள் வட்டாரத்தில் எலுமிச்சைத் தோப்பு, கரும்பு, வயல், கொஞ்சம் தள்ளி ராஜபாளையம் பக்கம் நூற்பாலை, தளவாய்புரம் பக்கம் தையல், சங்கரன்கோவிலில் விசைத்தறி. பி.இ. படித்தவருக்கும் எம்.காம். படித்தவருக்கும் இதில் எங்கே இடம்? படிப்பு ஓடிய வேகத்துக்கு வேலை ஓடவில்லை. இது எல்லாருக்குமான நெருக்கடி.

ஆனால் எல்லாருக்குமான நெருக்கடி எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. சென்னையில் நேர்காணல் என்றால் சங்கரன்கோவிலில் பொதிகை ஏறி ஒரு ராத்திரி போக வேண்டும், ஒரு ராத்திரி வர வேண்டும். முன்பதிவு கிடைக்காவிட்டால் பஸ். சாப்பாடு, குளித்து உடை மாற்ற ஓர் இடம், அங்கே ஆட்டோ எல்லாம் சேர்த்தால் 2,000 ரூபாய்க்குள் முடிவதில்லை. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். அப்படியானால் ஒரு நேர்காணல், அம்மாவின் ஆறு நாள் கூலி. எட்டு நேர்காணல் என்றால் நாற்பத்தெட்டு நாள். அங்கே போய் "சிவகிரியில எந்தப் பக்கம்?" என்று கேட்கிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. சென்னையில் சித்தப்பா வீட்டில் தங்கி, அவர் நண்பர் மூலம் விவரம் விசாரித்துவிட்டு உள்ளே போகிற பையனுக்கும் இது தெரியாது. அந்தப் பையன் கெட்டிக்காரனாக இருக்கலாம். அவன் பதற்றமில்லாமல் உட்கார்ந்திருப்பதில் பாதி அந்தச் சித்தப்பாவினுடையது.

அமெரிக்கச் சமூகவியலாளர் லாரன் ரிவேரா அங்குள்ள உயர்தர நிறுவனங்களின் ஆள்தேர்வை உள்ளே இருந்து பார்த்து 2012இல் எழுதினார். தேர்வு செய்கிறவர்கள் தங்களைப் போல விளையாடுகிற, தங்களைப் போலப் பொழுதுபோக்குகிற, தங்களோடு உட்கார்ந்து பேசத் தோதான ஆட்களைத்தான் தேடினார்கள் என்பது அவர் கண்டது. சாதி இல்லாத நாட்டில் இது வர்க்கமாக வேலை செய்கிறது. வர்க்கமும் சாதியும் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கிற நம் நாட்டில் கேட்கவே வேண்டாம். "உங்க ஹாபி என்ன?" என்று கேட்டதற்கு "ஆடு பாத்துக்குவேன் சார்" என்று உண்மையைச் சொன்ன எங்கள் தம்பி ஒருவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இருபது ஆட்டுக்குக் கணக்கு வைத்து, நோய் பார்த்து, சந்தையில் விலை பேசி விற்கிறவருக்கு மேலாண்மை தெரியாதாம்.

நேர்காணலை விசாரிக்க வேண்டும் என்று முதலில் சொன்னது நாங்கள் இல்லை. உச்ச நீதிமன்றம் சொல்லி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கு. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 மதிப்பெண். ஒரு மாணவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் நேர்காணல். அந்த இரண்டு நிமிடத்தில் கேட்டது என்ன தெரியுமா? பெற்றோர் யார், வீடு எங்கே. பாடத்தைப் பற்றி எதுவும் இல்லை என்பது மாணவர்கள் முறையீடு. நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் வைப்பது தான்தோன்றித்தனம் என்று 1980 நவம்பரில் தீர்ப்பு வந்தது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் நீதிபதி பகவதி எழுதினார். பிறகு 1985இல் அரியானா அரசுப் பணித் தேர்வு பற்றிய அசோக் குமார் யாதவ் வழக்கிலும் நேர்காணல் மதிப்பெண் அளவுக்கு மீறியிருப்பதை நீதிமன்றம் தவறென்றது. ஒலிப்பதிவுக் கருவி ஒரு பெட்டி அளவு இருந்த காலத்தில் சொன்ன யோசனை அது. இன்று எல்லார் சட்டைப் பையிலும் அந்தக் கருவி இருக்கிறது. நேர்காணல் அறைக்குள் நுழையும்போது முதலில் அதைத்தான் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

அரசே நேர்காணலை நம்பவில்லை என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. 2016 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு, அதாவது பி பிரிவில் அரசிதழ் பதிவு பெறாத பணிகள் முதல் கீழே உள்ளவற்றுக்கு, நேர்காணல் எடுக்கப்பட்டது. சிபாரிசுக்கும் ஊழலுக்கும் இடம் தருகிறது என்பதுதான் காரணம். நம் மாநிலத்தில் 2024 அறிவிக்கையிலிருந்து குரூப் 2 தேர்வுக்கு நேர்காணல் இல்லை. எங்களோடு படித்த பலருக்கு அது எவ்வளவு பெரிய ஆசுவாசம் என்று பக்கத்திலிருந்து பார்த்தோம். எழுதினால் எழுதியதற்கு மதிப்பெண். தெருவுக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் மேலே போகப் போக நேர்காணல் நிற்கிறது. குரூப் 1இல் இருக்கிறது. குடிமைப் பணித் தேர்வில் 2,025 மதிப்பெண்ணில் 275 நேர்காணலுக்கு. பல்கலைக்கழகங்களில் நிலைமை இன்னும் மோசம். பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய ஆசிரியர் பணியிடத்துக்கு முனைவர் பட்டம் பெற்றவர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். நேர்காணல் முடிந்ததும் 'தகுதியானவர் எவரும் இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வரிக்கு விளக்கம் தேவையில்லை. அப்படிக் காலியாகவே கிடந்த இடங்களைச் சில சூழலில் பொதுப் பிரிவுக்கு மாற்றலாம் என்கிற மாதிரி பல்கலைக்கழக மானியக் குழு ஒரு வரைவைக் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் நாடு முழுக்க எதிர்ப்பு வந்த பிறகுதான் பின்வாங்கினார்கள். 'தகுதியானவர் இல்லை' என்று முதலில் நீயே எழுது, பிறகு ஆளே கிடைக்கவில்லை என்று இடத்தை எடுத்துக்கொள். என்ன ஏற்பாடு பாருங்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் யார் என்ற கேள்வியை நம்மவர்கள் கேட்டு நூற்று முப்பது வருடம் ஆகிறது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரியபோது, 1893இல் இரட்டைமலை சீனிவாசன் அதை எதிர்த்து 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி 112 அடி நீள மனு ஒன்றை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். தேசத் துரோகம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அவர் கேட்டது எளிமையானது. படிப்பு வாசல் எங்களுக்கு மூடியிருக்கும்போது இங்கேயே தேர்வு வைத்தால் அதிகாரம் யார் கைக்குப் போகும்? அந்த அதிகாரியிடம் எங்கள் ஆள் மனு கொடுக்க நிற்கும்போது என்ன நடக்கும்? அவருடைய முடிவை இன்று நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். கேள்வியை மறுக்க முடியாது. நம் பல்கலைக்கழகங்களின் தேர்வுக் குழுக்களில், தனியார் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகளில், மேசைக்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள் எத்தனை பேர்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இடஒதுக்கீடு அரசுப் பணிக்குத்தான். தனியார் துறைக்கு இல்லை. 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணியின் குறைந்தபட்சச் செயல்திட்டத்தில் தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிய பேச்சு வந்தது. தொழிலதிபர்கள் நாங்களே தாமாக முன்வந்து செய்கிறோம் என்றார்கள். அதோடு நின்றது. ஆனால் தனியாரிடம் சட்டமே செல்லாது என்று நினைக்க வேண்டாம். 2015இல் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவைப் பாருங்கள். மற்றவர்கள் செய்ய உரிமையுள்ள தொழிலையோ வேலையையோ பட்டியல் சாதி, பழங்குடியினர் செய்ய விடாமல் தடுப்பது குற்றம் என்று அதில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவும் தீண்டாமையை வைத்து வேலையில் தடை போடுவதைக் குற்றம் என்கிறது. சட்டம் இருக்கிறது. மூடிய அறைக்குள், சாதிப் பெயர் சொல்லாமல், தண்ணீர் கொடுத்து உபசரித்து அனுப்பியதை எந்தக் காவல் நிலையத்தில் எப்படி நிரூபிப்பது? காரணம் சொல்ல வேண்டிய கடமை நிறுவனத்துக்கு இல்லாதவரை இந்தப் பிரிவு காகிதத்தில் தூங்கத்தான் செய்யும்.

கடல் கடந்த இடங்களில் இந்தப் பேச்சு நம்மைவிட வேகமாகப் போகிறது. சிஸ்கோ நிறுவனத்தில் சாதிப் பாகுபாடு நடந்ததாக 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அமைப்பே வழக்குப் போட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் தன் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சாதியைச் சேர்த்தது. கலிபோர்னியா சட்டமன்றம் அதேபோல நிறைவேற்றிய மசோதாவை அந்த மாநில ஆளுநர் அக்டோபரில் தடுத்துவிட்டார். தோற்றாலும் வென்றாலும் அங்கே வேலையிடத்துச் சாதி ஒரு சட்டப் பிரச்சினையாகிவிட்டது. சாதியை ஏற்றுமதி செய்த நாட்டில் அது இன்னும் 'சென்சிடிவ் மேட்டர்'.

எங்கள் துறையைச் சொல்லாமல் தாண்டினால் சரியாக இருக்காது. தலித் மக்களுக்காக வேலை செய்வதாகச் சொல்லும் தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் களப்பணியாளர் எல்லாம் நம் ஆட்கள். திட்ட மேலாளர், இயக்குநர் எல்லாம் வேறு ஆட்கள். சமூகப் பணியில் முதுகலை முடித்த நம் பெண்ணிடம், "உங்களுக்குக் களம் நல்லாத் தெரியும்மா, களத்துலயே இருங்க" என்று பாராட்டி அனுப்புவார்கள். சேரியைப் பற்றி ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவருக்கு அறை, சேரியில் பிறந்தவருக்கு டூ வீலர் பெட்ரோல் படி. கார்ப்பரேட்டை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம்.

"பேசாம ஊர மாத்திச் சொல்லிரவா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. சிவகிரி என்று சொல்லாமல் தென்காசி என்று சொல்வது. அப்பா விவசாயக் கூலி என்பதை விவசாயி என்று சொல்வது. பலர் செய்கிறார்கள். வயிற்றுக்காகச் செய்கிறவரை நாங்கள் குறை சொல்வதில்லை. அம்பேத்கரே செய்திருக்கிறார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசில் வேலைக்குச் சேர வந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைக் கொடுத்துத் தங்கினார். பதினொன்றாம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. வேலை இருந்தது, பட்டம் இருந்தது, தங்க ஓர் அறை இல்லை. பூங்காவில் போய் உட்கார்ந்தார். மறைத்தால் அந்த நேரத்துக்குக் கதவு திறக்கும். ஆனால் தினமும் பேச்சை அளந்து, டிபன் பாக்ஸை யோசித்துத் திறந்து, ஊர்க்காரர் யாராவது அலுவலகத்துக்கு வந்துவிடுவாரோ என்று பயந்து வாழ்கிறவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். சிலர் இரண்டு வருடத்தில் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். முடிவு உங்களுடையது. விலையைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

அப்படியானால் கேட்க வேண்டியது என்ன? தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற கோரிக்கையை விடவே கூடாது. அது வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கேட்கக் கூடியவை இருக்கின்றன. கங்கைகொண்டான் சிப்காட் மாதிரி இடங்களில் அரசு நிலமும் சலுகையும் வாங்குகிற நிறுவனங்கள், எத்தனை பட்டியல் சாதியினர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை அழைத்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்கலாம். எங்கள் வாசுதேவநல்லூர் தனித் தொகுதி. பக்கத்துச் சங்கரன்கோவிலும் தனி. தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் தனி. தேர்தல் நேரத்தில் சால்வையோடு வருகிற எத்தனை பேரிடம் இந்த ஒரு கேள்வியை நாம் கேட்டிருக்கிறோம்? சொந்த ஊர், தகப்பன் தொழில், மதம், கோயில் பற்றி நேர்காணலில் கேட்கக் கூடாது என்று அரசு ஒரு விதி போடலாம். எல்லாரிடமும் ஒரே கேள்விப் பட்டியல், பதிவு, எழுத்தில் காரணம். அஜய் ஹாசியா தீர்ப்பில் பாதி ஏற்கெனவே இருக்கிறது.

இதற்கெல்லாம் ஆதாரம் கேட்பார்கள். அதற்காக நாங்கள் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். நேர்காணலுக்குப் போய் வருகிற ஒவ்வொருவரும் அன்று ராத்திரியே, மறப்பதற்குள், என்ன கேட்டார்கள் என்று அதில் எழுதுகிறார்கள். நாள், எத்தனை நிமிடம், மேசையில் எத்தனை பேர், வேலையைப் பற்றி எத்தனை கேள்வி, வீட்டைப் பற்றி எத்தனை. கேட்ட வார்த்தைகள் அப்படியே. உங்கள் கருத்து வேண்டாம், வார்த்தை போதும். எழுத ஆரம்பித்த பிறகு ஒன்று நடந்தது. நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற பிள்ளைகள், தங்களிடம் கேட்ட அதே கேள்வி தங்களுக்கு முன்னால் போன வேறு யாரிடமோ வேறு ஊரில் கேட்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறார்கள். "எங்கிட்ட என்னக்கா கொறை?" என்று கேட்பது குறைந்துவிட்டது. "இவங்களுக்கு வேற கேள்வியே தெரியாதா?" என்கிறார்கள்.

நம் தங்கைகள் எழுதுவதில் இன்னொரு பகுதி தனியாகச் சேர்கிறது. "கல்யாணம் எப்போ?" "ராத்திரி ஷிப்டுக்கு வீட்டுல விடுவாங்களா?" "விடுதியில தங்கினா யார் வந்து பாப்பாங்க?" தெருவைக் கேட்ட பிறகு இதையும் கேட்கிறார்கள். இதைத் தனிக் கட்டுரையாக அவர்களே எழுத வேண்டும். கேட்டிருக்கிறோம்.

வேறு மாவட்டங்களிலும் தோழர்கள் இப்படி ஒரு நோட்டு போடலாம். நாற்பது பக்க நோட்டே போதும், ஊர் நூலகத்திலோ படிப்பகத்திலோ வைத்துவிடுங்கள். எழுதுகிறவர் பெயர் வேண்டாம், படிப்பும் வயதும் போதும். வேலை கிடைத்தவர்களும் எழுதட்டும். அவர்களிடம் என்ன கேட்டார்கள் என்று தெரிந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மற்ற சாதி நண்பர்கள் உங்களோடு அதே நேர்காணலுக்கு வந்திருந்தால் அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். "எந்தப் பக்கம்?" என்ற கேள்வி அவர்களிடம் வந்ததா, வரவில்லையா என்பது அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்.